நடுக்கோடு

இரண்டு பண்பாடுகளை ஒப்பிடுக. ஐந்து நிமிடம். வெள்ளிக்கிழமை.
இவ்வளவையும் எழுதிவிட்டு
பலகையைத் துடைக்காமலே போனார் விரிவுரையாளர்.

உட்துறைமுக வீதித் தேநீர்க்கடையில்
மூன்று பிளேன்டீக்கு நடுவே கொப்பியை விரித்தோம்.
நான் திருக்கடலூர். நுஸ்கியா கிண்ணியா.
கந்தளாயிலிருந்து தெனெத்,
சில்லறையை எண்ணிக் கொடுப்பவனைப்போலத்
தமிழ் கதைப்பவன்.

இரண்டு என்றால் எந்த இரண்டு?
அவன்தான் கேட்டான்.
கொஞ்ச நேரம் சீனிப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அவனே சொன்னான்,
எனக்குக் கமரா பிடிக்கத் தெரியும்.
இப்படித்தான்
கேள்வியில் இடம் கிடைக்காத ஒருவன்
கமராவுக்குப் பின்னால் போய் நின்றான்.

திரையை இரண்டாகப் பிளப்பது என் யோசனை.
இடப்பக்கம் எங்கள் குசினி, வலப்பக்கம் அவர்களுடையது,
ஒரே நொடியில் இரண்டு அடுப்பும் பற்றும்.
நுஸ்கியா பட்டியல் போட்டாள்:
சோறு. உடுப்பு. கலியாணம்.
நாலாவதாக மரணம் என்று எழுதினாள்,
எழுதிய கை அங்கேயே நின்றது.
அவளுக்கு ஒரு மாமா இருந்தார்.
எனக்கு ஒரு சித்தப்பா.
வேறு வேறு வருடங்கள், வேறு வேறு ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள்.
தன் வீட்டுச் சுவரில்
சீருடையோடு ஒரு படம் தொங்குவதாக
தெனெத் எப்போதோ சொல்லியிருக்கிறான்.
யாரென்று நாங்கள் கேட்டதில்லை.

அஞ்சு நிமிசம் காணாது, என்று
பென்சிலால் அதை வெட்டினாள்.
அழிக்கவில்லை. வெட்டினாள்.
இப்போதும் வாசிக்கலாம்.

படமோ பிள்ளையள், மான் வருமோ அதில?
கோப்பையை எடுக்க வந்த கடைக்காரர் கேட்டார்.
வராது, என்றோம் மூன்று பேரும் ஒன்றாக.
அன்றைக்கு வாக்குவாதம் இல்லாமல்
முடிவான விசயம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை படப்பிடிப்பு.
அம்மா முகம் காட்டமாட்டேன் என்றா.
ஒருக்கா வரிசையில விட்டுப் படம் எடுத்தவங்கள்,
அது எந்தெந்த மேசைக்குப் போச்சுதோ.
பாலத்துக்கு அந்தப்பக்கம்
நுஸ்கியாவின் உம்மாவும் முகம் வேண்டாம் என்றா.
ஏனென்று சொல்லவில்லை,
முக்காட்டை இழுத்துவிட்டு மாவைப் பிசையத் தொடங்கினா.
இதையும் ஒப்பிடலாமோ என்று கேட்டேன்.
நுஸ்கியா சிரிக்கவில்லை.

ஆகவே கைகள் மட்டும்.
அங்கே தேங்காய் துருவுகிற கை,
இங்கே மா ஒட்டிய கை.

வியாழன் இரவு மடிக்கணினியில் பொருத்தினேன்.
நடுக்கோடு கறுப்பா, வெள்ளையா?
கறுப்புப் போடாத, மதில் மாதிரிக் கிடக்கும்
என்று செய்தி அனுப்பினாள் நுஸ்கியா.
வெள்ளையைப் போட்டேன், காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்டர்.
ஆறு பிக்சல், நாலு, இரண்டு.
கடைசியில் கோட்டையே எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் புகைச்சுவர்
அவர்களின் நீல டைல்ஸில் போய் இடித்து நின்றது.
அம்மாவின் முழங்கை அறுந்த இடத்தில்
உம்மாவின் மணிக்கட்டு தொடங்கியது.
யாருடையதும் இல்லாத ஒரு குசினி,
யாருக்கும் அளவில்லாத ஒரு நீளக் கை.
பயமாயும் இருந்தது, வடிவாயும் இருந்தது.
கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் கண்டேன்,
டைல்ஸின் மினுக்கத்தில் தெனெத்.
குனிந்து, மூச்சைப் பிடித்து,
நெற்றியில் கமராவை முட்டுக்கொடுத்தபடி
முழுதாக இருந்தான்.

அவனும் கண்டிருக்கிறான். செய்தி வந்தது:
மன்னிக்க வேணும். நான் படத்துக்குள்ள விழுந்திட்டன். வெட்டு.

எப்படி வெட்ட?
அந்த மூலையை எடுத்தால்
உம்மாவின் கையும் போய்விடும்.

நுஸ்கியாவைக் கேட்டிருக்கிறேன்.
பார்த்துவிட்டாள், பதில் இல்லை.
விடிய மூன்று மணி.
பற்றரி பதினொரு வீதம்.